பெஞ்சுக்கு எந்தப் பூச்சு: கெடாததா, சரிசெய்யக்கூடியதா?

பூங்காவிலோ நடைபாதையிலோ போடப்போகும் பெஞ்சுக்கு என்ன பூச்சு என்று முடிவெடுக்க உட்கார்ந்தால், முதலில் கையில் சிக்குவது விற்பனைக் கையேடுதான். அதில் எல்லாப் பூச்சும் நீடித்து உழைக்கும். எல்லாப் பூச்சும் கிறுக்கலைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் உண்டு. பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். வேண்டுமென்றே செய்த சேதம் உத்தரவாதத்தில் சேராது என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். நமக்குப் பாதுகாப்பு வேண்டியிருப்பதோ அந்தச் சேதத்திலிருந்துதான்.

அதனால் எந்தப் பூச்சு கெடாது என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். பொது இடத்தில் எல்லாம் கெடும். கெட்ட பிறகு யார் சரிசெய்வார், எந்தக் கருவியால், பெஞ்சைப் பெயர்த்தெடுக்காமல் முடியுமா என்றே கேட்கிறேன். இப்படிக் கேட்டால், கடினத்தில் முதல் பரிசு வாங்கும் சில பூச்சுகள் வரிசையில் பின்னால் போய்விடுகின்றன. யாரும் மதிக்காத சில எளிய வழிகள் முன்னால் வருகின்றன.

சேதம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். எழுதுவது வேறு, செதுக்குவது வேறு, லைட்டரால் சுடுவது வேறு, சறுக்குப்பலகையால் விளிம்பைத் தேய்ப்பது வேறு. ஸ்பிரே பெயிண்டைப் பொருட்படுத்தாத பரப்பு பேனாக்கத்தியிடம் தோற்கும். கத்திக்கு அசையாதது லைட்டரின் சுடரில் உருகும். இவற்றோடு வெயிலும் மழையும் நாள் தவறாமல் வந்துபோகின்றன. முரடர்கள் மாதம் ஒருமுறை வருவார்கள். வெயில் தினமும் வரும். பெஞ்சுகளைப் பாழாக்கும் பழியில் வெயிலின் பங்கு, நாம் எண்ணுவதைவிடப் பெரியது.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். மனிதர்கள் உட்கார விரும்புவது மரத்தில்தான். உலோகத்தைப் போல அது வெயிலில் சுடுவதுமில்லை, குளிரில் உடம்பின் சூட்டை உறிஞ்சுவதுமில்லை. பளபளவென்று வார்னிஷ் பூசிய புது மரப்பெஞ்சைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒருமுறை அதற்கு ஒப்புதல் கையெழுத்தும் போட்டேன். இன்று போடமாட்டேன்.

காரணம் இது. வார்னிஷ் என்பது ஒளி புகும் படலம். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் வழியே இறங்கி, மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. மேலே படலம் நன்றாகவே இருக்கும். அது பற்றியிருக்கும் மரத்தின் மேல்தோல்தான் தளர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் ஒரு கீறல் விழுந்தால் போதும். மழைநீர் உள்ளே புகுந்து படலம் செதில் செதிலாக உரியத் தொடங்கும். புற ஊதாவை உறிஞ்சும் சேர்மானம் கலந்த வார்னிஷ் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. மறுபடி பூச வேண்டுமானால் மிச்சமிருப்பதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கிலும், போல்ட் தலைகளைச் சுற்றியும், வளைந்த முதுகுச் சாய்விலும் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேலையின் அருமை. அரைகுறையாகச் சுரண்டி மேலே பூசினால் அடுத்த மழைக்காலத்திலேயே புதுப்படலமும் பழையதோடு சேர்ந்து உரிந்துவரும்.

எண்ணெய் அப்படியல்ல. மரத்துக்குள் இறங்குகிறது, உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை. யாரோ தன் பெயரையும் காதலியின் பெயரையும் செதுக்கிவிட்டுப் போனால், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தடவிவிடலாம். சில வாரங்களில் அது சுற்றியுள்ள நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை எண்ணெய் இட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் இட்டதே வீண். ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி என்பதால், ஈரமான நிழலில் இருக்கும் பெஞ்சில் அதை மட்டும் பூசினால் மரம் கறுத்துப்போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். பெஞ்சைக் காக்கப் போய்க் கிடங்கை எரித்த கதை ஆகிவிடக்கூடாது. மார்க்கர் மையிடம் எண்ணெய் மரம் தோற்கும்; மை இழைக்குள் இறங்கிவிடுவதால் துடைத்தால் போகாது, தேய்த்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழியை விற்க யாருக்கும் ஆர்வமில்லை, ஏனென்றால் அதில் விற்பதற்கு எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த தேக்கு போன்ற மரமாக வாங்கி, எதுவும் பூசாமல் விட்டுவிடுவது. சில மாதங்களில் அது வெள்ளிச்சாம்பல் நிறத்துக்கு மாறும். சிதைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போக, மேலே மிஞ்சுவது அந்தச் சாம்பல் நிற இழை. பலகை கரைந்துபோய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பூச்சில்லாத மென்மரங்களே வெயில் மழையில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேய்கின்றன. கெட்டியான மரங்கள் அதைவிட மெதுவாகத் தேயும். 40 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. செதுக்கல் விழுந்த இடத்தை இழைப்புளியால் சீவிவிட்டால், புதிய பழுப்பு நிறம் சில மாதம் கண்ணை உறுத்தும். பிறகு அதுவும் சாம்பலாகிவிடும். மட்டமான மரத்துக்கு இந்த உபாயம் செல்லாது. அது உளுத்துப்போகும்.

ஒளி புகாத நிறப்பூச்சு மரத்துக்கு அழகில்லை என்று கட்டடக் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அது புற ஊதாவை மரத்திடம் நெருங்கவிடுவதில்லை. யாராவது கிறுக்கினால் அதே நிறத்தை ஒரு கை மேலே பூசினால் வேலை முடிந்தது. கிறுக்கலை நீக்கும் வழிகளிலேயே மலிவானது இதுதான். பூச்சின் மேல் பூச்சு ஏறி ஏறி, பத்தாண்டில் விளிம்புகள் மழுங்கி, பெஞ்சு உருக்கிய மெழுகில் முக்கியெடுத்தது போல ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

இனி எஃகு. தூரிகையால் பூசும் சாதாரண எனாமலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிறுக்கலை அழிக்கத் தின்னர் தொட்ட துணியை வைத்தால் எனாமலும் சேர்ந்து வரும். மேலே இன்னொரு பூச்சு அடிப்பதுதான் ஒரே வழி. அதை யாரும் செய்யலாம் என்பதே அதன் பலம்.

இன்று பெரும்பாலான எஃகுப் பெஞ்சுகள் பவுடர் கோட்டிங்கில் வருகின்றன. மின்னூட்டம் பெற்ற தூளை உலோகத்தின் மீது தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளையில் வைத்து உருக்கிப் பிணைக்கிறார்கள். 60 முதல் 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கனத்தில் கெட்டியான, ஒரே சீரான தோல் கிடைக்கும். வெளியிடத்துக்குப் பாலியஸ்டர் தூள்தான் வேண்டும். எபாக்ஸித் தூள் கெட்டியானது என்று சொல்லி யாராவது அதையே மேல்பூச்சாகத் தந்தால் வாங்காதீர்கள். வெயிலில் அது சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்து, கையில் மாவாக ஒட்டும்.

பவுடர் கோட்டிங்கின் பலவீனம் கீறலில் தெரியும். வெறும் எஃகின் மேல் நேராகப் பூசியிருந்தால், சாவியால் இழுத்த ஒரு கோடு எஃகைத் தொட்டவுடன் துரு அங்கே கால் ஊன்றும். அது கோட்டோடு நிற்பதில்லை. பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து, மேல்தோலைக் கொப்புளமாகத் தூக்கும். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். நின்ற இடத்தில் சூளையைக் கொண்டுவர முடியாது. தூரிகையால் தொட்டுவிடும் திருத்தப் பெயிண்ட் வேறு பளபளப்பில் காய்ந்து, ஒட்டுப்போட்டது போலத் தெரியும். முறையாகச் செய்ய வேண்டுமானால் பெஞ்சைப் பெயர்த்து, பட்டறைக்கு அனுப்பி, பழையதை உரித்து, மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து மீண்டும் சுட வேண்டும். அத்தனை நாளும் அந்த இடத்தில் நான்கு போல்ட் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், யாராவது தடுக்கி விழுவதற்கு.

இதற்கு மருந்து அடியில் துத்தநாகம். எஃகை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு ஸ்டானிஸ்லாஸ் சொரேல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படையில் அதே வேலைதான். 450 டிகிரி அளவில் உருகியிருக்கும் துத்தநாகம் எஃகோடு கலந்து உலோகக் கலவை அடுக்குகளாகப் பிணைகிறது. ஐ.எஸ்.ஓ. 1461 தரம், 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எஃகுக்குச் சராசரி 85 மைக்ரான் பூச்சு கேட்கிறது. மெல்லிய தகட்டுக்குக் குறைவு. கீறல் எஃகு வரை போனாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும். பூச்சு சரிசெய்யப்படும் வரை காவல் நிற்கும் இந்தக் குணம் வேறெந்தப் பெயிண்டுக்கும் இந்த அளவில் இல்லை. முக்கும்போது குழாயின் உட்புறமும் முலாம் பெறுகிறது; பெஞ்சுக் கால்கள் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான். நாய்கள் கால் தூக்கும் இடமும், தண்ணீர் தேங்கும் அடித்தகடும் இதனால் பிழைக்கும்.

முலாம் மட்டும் போதுமா? சாம்பல் நிறம் பிடித்தால் போதும். அழுக்கு அதில் தெரிவதில்லை, உரிவதில்லை, மங்கிய உலோகத்தில் கிறுக்குபவர்களுக்கும் திருப்தி குறைவு. நிறம் வேண்டுமென்றால் முலாமின் மேல் பவுடர் கோட்டிங். இந்த இரட்டைப் பாதுகாப்பின் ஆயுள், இரண்டின் தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட ஒன்றரை முதல் 2.3 மடங்கு வரை நீளும் என்பது முலாம் தொழிலில் வழங்கும் கணக்கு. பெயிண்ட் துத்தநாகத்தைக் காக்கிறது, துத்தநாகம் பெயிண்டுக்கு அடியில் துரு ஊராமல் காக்கிறது. ஆனால் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பட்டறை வேண்டும். முலாமின் மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்காவிட்டால் பிடிக்காது. சூளையில் முலாமிலிருந்து வெளியேறும் வாயு ஊசித்துளைகளாக நிற்கும். முன்கூட்டியே ஒருமுறை சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். புது முலாமின் மேல் சாதாரண எனாமலை நேராக அடிப்பது இன்னொரு பழைய தவறு. எனாமலின் எண்ணெய்ப் பகுதி துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, தோல் முழுதாகக் கழன்றுவிடும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், குற்றம் அவருடையதல்ல.

கம்பிவலை போலத் துளையிட்ட பெஞ்சுகளில் சிலர் தெர்மோபிளாஸ்டிக், அதாவது சூட்டில் இளகும் பிளாஸ்டிக் பூச்சு தருகிறார்கள். பவுடர் கோட்டிங்கைவிடப் பல மடங்கு தடிப்பு, ரப்பர் போன்ற தொடுகை. கல்லால் அடித்தாலும் சில்லு பெயராது. லைட்டருக்கு மட்டும் தாங்காது, உருகிக் கருகும். கத்தி நுழைந்து ஒரு நுனி தூக்கிவிட்டால், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சுவாக்கில் அதை உரித்துக்கொண்டே இருப்பார்கள். இரவில் ஆள் நடமாட்டமுள்ள, விளையாட்டுப் பிள்ளைகள் வரும் இடத்துக்கு நன்று. மறைவான மூலைக்கு வேண்டாம்.

இரண்டு பாகமாக வந்து கலக்கிப் பூசும் பாலியூரித்தேன் எனக்குப் பிடித்தது. அலிபாட்டிக் வகையாக இருக்க வேண்டும். அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகும். துத்தநாகம் நிறைந்த பிரைமர், நடுவில் எபாக்ஸி, மேலே இது. ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டால் கிறுக்கல் நீக்கும் கரைப்பான்கள் அதை எளிதில் தொடுவதில்லை. பெஞ்சு நின்ற இடத்திலேயே பழுதுபார்க்கலாம். இதில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. தெளித்துப் பூசுபவர் தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் வேலை செய்யக்கூடாது. கலக்கிய பெயிண்ட் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே கல்லாகிவிடும் என்பதால், ஒரு கீறலுக்காக ஒரு டப்பாவை உடைக்க மனம் வராது. சேர்த்துவைத்து ஒரே நாளில் எல்லாப் பெஞ்சையும் பார்ப்பதே வழக்கம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பூச்சே வேண்டாம் என்பது பாதி உண்மை. கடற்காற்று படும் இடத்தில் 304 வகையில் தேநீர்க் கறை போலப் பழுப்பு படியும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வகை அங்கே நன்றாகத் தாங்கும். கண்ணாடிப் பளபளப்பை எந்நாளும் வாங்காதீர்கள், ஒவ்வொரு கீறலும் கையெழுத்தாகத் தெரியும். ஒரே திசையில் கோடு இழுத்த பரப்பாக இருந்தால் கீறலை அதே திசையில் தேய்த்து மறைக்கலாம். தேய்க்கச் சாதாரண இரும்பு நாரை எடுத்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கு அனோடைசிங், அதாவது மின்சாரத்தால் அதன் மேல் ஆக்சைடு அடுக்கை வளர்ப்பது, நல்ல கவசம்தான். கீறிவிட்டால் நின்ற இடத்தில் திருத்த வழியில்லை, காரத்தன்மையுள்ள கிறுக்கல் நீக்கிகளும் அதைத் தின்றுவிடும்.

கான்கிரீட் பெஞ்சு அசையாது, எரியாது, திருடு போகாது. ஆனால் மை உறிஞ்சும் தாளைப் போன்ற பரப்பு அதற்கு. ஸ்பிரே பெயிண்ட் நுண்துளைக்குள் இறங்கிவிட்டால், எவ்வளவு கழுவினாலும் நிழல் போல ஒரு தடம் நிற்கும். இங்கேதான் கிறுக்கல் தடுப்புப் பூச்சு பேச்சுக்கு வருகிறது, அதில் இரண்டு சாதி.

முதலாவது தன்னைப் பலி கொடுப்பது. மெழுகு, அக்ரிலிக், மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்த பாலிசாக்கரைடு போன்றவற்றால் ஆன மெல்லிய அடுக்கு. கிறுக்கல் விழுந்தால் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சுவார்கள். பூச்சு கிறுக்கலைத் தூக்கிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு அந்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். அந்த மறுபடியில்தான் எல்லாம் கெடுகிறது. கழுவ வருகிறவர் ஒருவர், பூச வேண்டியவர் வேறொருவர், இடையில் இரண்டு வாரம். இரண்டாம் கிறுக்கல் வெறும் கான்கிரீட்டில் விழுகிறது.

இரண்டாவது நிரந்தர வகை: பாலியூரித்தேன், சிலிக்கோன், ஃபுளோரின் சேர்ந்த பாலிமர்கள். பெயிண்ட் இவற்றில் பிடிப்பதில்லை, அல்லது கரைப்பானால் துடைக்கும்போது பூச்சைத் தொடாமல் வந்துவிடும். பல தடவை துடைக்கலாம். விலை கூடுதல், ஆனாலும் பெஞ்சுக்கு நான் இதையே சொல்வேன், ஏனென்றால் வாளியும் துணியும் கொண்ட ஒரே ஆள் வேலையை முடித்துவிடுவார். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காற்றுப் புகாத படலமாக இருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும், சில வேளை கான்கிரீட்டின் மேல்தோலையே பெயர்க்கும். புதுக் கான்கிரீட் 28 நாளாவது முதிர்ந்த பின்பே பூச வேண்டும். மறைவான இடத்தில் ஓரடி பூசிப் பார்ப்பதும் அவசியம். சில பூச்சுகள் பரப்பை நனைந்தது போல நிரந்தரமாகக் கறுப்பாக்கிவிடும்.

லண்டனின் கேம்டன் உள்ளாட்சிக்காக 2012இல் செய்த கான்கிரீட் பெஞ்சு ஒன்று இந்தத் துறையில் எப்போதும் எடுத்துக்காட்டாக வரும். சரிவுகளும் திருப்பங்களுமாக, பெயிண்ட் ஒட்டாத பூச்சோடு, படுக்கவும் சறுக்கவும் எழுதவும் முடியாதபடி வடித்திருந்தார்கள். நோக்கம் நிறைவேறியது. கூடவே, மனிதரை விரட்டும் வடிவமைப்பு என்ற கண்டனமும் வந்தது. முரடரை நினைத்து நினைத்துப் பெஞ்சு செய்தால் கடைசியில் உட்கார வருகிறவரை மறந்துவிடுவோம். பூச்சு விஷயத்திலும் இந்த ஆபத்து உண்டு: கறுப்பு நிறம் கறையை மறைக்கும் என்று தேர்ந்தெடுத்து, நண்பகலில் யாரும் உட்கார முடியாத அடுப்பாக்கிவிடுவது.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பலகையில் பெயிண்ட் சரியாகப் பிடிப்பதில்லை; நிறம் உள்ளும் புறமும் ஒன்றே, ஆகவே கீறல் வெளுத்துக் காட்டுவதில்லை. உளுக்காது. லைட்டருக்கு இது விருந்து. வெயிலில் விரிந்து சுருங்கும் அளவு எஃகைவிடப் பல மடங்கு என்பதால், போல்ட் துளைகளை நீள்வட்டமாக விடாவிட்டால் பலகை வளையும்.

பளபளப்பா மங்கலா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. வழவழப்பான பளபளப்பில் கிறுக்கல் எளிதில் துடைபடும், கீறல் பளிச்சென்று தெரியும். மணல் போன்ற நுண்சொரசொரப்பில் கீறல் மறையும், மையும் அழுக்கும் குழிகளில் தங்கிவிடும். பேனாக்காரர்கள் மிகுந்த இடத்துக்கு முதலாவது, சாவிக்காரர்கள் மிகுந்த இடத்துக்கு இரண்டாவது. இதைவிடப் பயனுள்ளது பரப்பையே உடைப்பது. இடைவெளி விட்ட குறுகிய சட்டங்களிலும் துளைத் தகட்டிலும் பெயர் எழுத இடம் கிடைப்பதில்லை. சறுக்குப்பலகைக்கு எந்தப் பூச்சும் பதிலல்ல. விளிம்பில் உலோகப் பட்டை பதிக்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய சான்றுகளும் உண்டு. கிறுக்கலைப் பொறுத்தவரை, ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் டி 6578 சோதனை, பூச்சில் விழுந்த கறை எவ்வளவு மென்மையான துப்புரவில் போகிறது என்று உலர்ந்த துணியில் தொடங்கிக் கடுமையான கரைப்பான்வரை படிப்படியாகப் பார்க்கிறது. கடுமையான கரைப்பானில் மட்டும் தேறிய பூச்சை, அதைக் கையாளப் பயிற்சியில்லாத ஊழியரிடம் ஒப்படைக்காதீர்கள். துருவுக்கு, ஐ.எஸ்.ஓ. 12944 சொல்லும் சூழல் வகைகளில் எதற்காகப் பூச்சு வடிவமைக்கப்பட்டது என்று கேளுங்கள். உலர்ந்த உள்ளிடத்துக்கு சி1, கடுமையான கடலோரத்துக்கு சி5. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

என் தேர்வைச் சொல்கிறேன். கண்காணிப்புள்ள, பழுதுபார்க்கக் கைவேலைக்காரர் இருக்கும் பூங்காவுக்கு: முலாம் பூசிய எஃகுச் சட்டகம், அதன் மேல் பூச்சில்லாத கெட்டி மரப்பலகைகள், ஒவ்வொன்றும் அடியிலிருந்து போல்ட் போட்டுத் தனித்தனியாகக் கழற்றும்படி. பஸ் நிறுத்தம் போன்ற, நாள் முழுதும் கூட்டமுள்ள இடத்துக்கு: துளைத் தகட்டு எஃகு, முலாமும் மேலே இளநிறப் பவுடர் கோட்டிங்கும். யாரும் அடிக்கடி வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த ஒதுக்குப்புறத்துக்கு: நிரந்தர வகைப் பூச்சு போட்ட கான்கிரீட், அல்லது மெருகேற்றிய கருங்கல். கருங்கல்லை நெருப்பில் வாட்டிய சொரசொரப்பு வகையில் வாங்கினால் மெருகின் பயன் போய்விடும்.

எந்தப் பூச்சானாலும் கிறுக்கலை ஓரிரு நாளில் அழித்தால் பாதிப் பாடு குறையும். ஸ்பிரே பெயிண்ட் நாளாக ஆக இறுகிக்கொண்டே போகும். நியூயார்க் சுரங்க ரயிலில், சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கல் விழுந்தால் அதைக் கழுவாமல் ஓட்டுவதில்லை என்ற பிடிவாதத்தை 1984இல் தொடங்கினார்கள்; கடைசிக் கிறுக்கல் பெட்டி 1989 மே மாதம் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அங்கே மாறியது பூச்சைவிட வழக்கம்தான்.

ஆகவே கொள்முதல் ஆணை எழுதும்போது பெஞ்சோடு வேறு சிலவற்றையும் எழுதிச் சேருங்கள். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உதிரிப் பலகைகள், அதே மரத்தில், அதே துளைகளோடு. நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் ரால் எண்ணும் பளபளப்பு அளவும் குறித்த திருத்தப் பெயிண்ட் டப்பா. உற்பத்தியாளரே அனுமதித்த கிறுக்கல் நீக்கியின் பெயர். அந்த போல்ட்டுகளைக் கழற்றும் தனிவகைச் சாவிகள் இரண்டு. ஒன்று வண்டியில், ஒன்று அலுவலக ஆணியில். இரண்டாவது சாவி தொலைந்த நாளில்தான் யாரோ அந்தப் பலகையை எரித்திருப்பார்கள்.